நூற்றிருபத்தைந்து பைக்கில் இருநூறு என்ஜின்

என் தம்பி விஜிதரன் கொட்டகலைக்குப் பக்கத்தில் எங்கள் தோட்டத்துத் தேயிலைப் பெக்டரியில் பிட்டராக இருக்கிறான். கொழுந்தை அரைக்கும் ரோலர், காய வைக்கும் டிரையர், தூளைச் சலிக்கும் மெஷின், இவற்றில் எது நின்றாலும் அவனைத்தான் கூப்பிடுவார்கள். எங்கள் அப்பாவும் அம்மாவும் மலையில் வேலை செய்தவர்கள். பெக்டரிக்குள் கொழுந்து மூட்டையோடு போகாமல் ஸ்பேனரோடு போன முதல் ஆள் எங்கள் வீட்டில் அவன்தான். நான் அவனைவிட ஒன்பது வயது மூத்தவள். எட்டாம் வகுப்போடு நின்றுவிட்டேன். தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில், தாய்மார் கொழுந்தெடுக்கப் போகிற நேரத்தில் அவர்களுடைய பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வது என் வேலை.

அவன் வேலை செய்யும் விதத்தைச் சொல்ல வேண்டும். பெக்டரியில் மோட்டாரின் சக்கரமும் ரோலரின் சக்கரமும் ஒரே நேரில் இருக்கின்றனவா என்று பார்க்க ஒரு நூலை இழுத்துப் பிடிப்பான். அந்த நூலை வேறு யாரும் தொடக்கூடாது. அவன் அளக்கிற நேரத்தில் மெஷின்மேல் ஆள் இருக்கக்கூடாது, சாய்ந்து நிற்கவும் கூடாது. மெயின் சுவிட்ச் பெட்டியின் சாவி அவன் சட்டைப் பையில் இருக்கும். பன்னிரண்டு வருஷத்தில் அவன் பார்க்கிற மெஷின்களில் ஒருவருக்கும் ஒரு விரல்கூடப் போனதில்லை. பக்கத்துத் தோட்டங்களில் அப்படிச் சொல்ல முடியாது. இதை நான் எங்கே போனாலும் சொல்வேன்.

அப்படிப்பட்டவன்தான் இந்த வருஷம் ஒரு பழைய பைக்கை வைத்துக்கொண்டு எங்கள் எல்லோருடைய பொறுமையையும் தீர்த்தான்.

காரணம் அவனுடைய மனைவி நிலக்ஷியின் பள்ளிக்கூடம். நிலக்ஷி டீச்சர். முதல் நியமனம் டயகமவில் கிடைத்தது. இன்னும் மூன்று வருஷத்துக்கு அங்கிருந்து மாற முடியாது. தோட்டத்து வரிசை வீடான எங்கள் லயத்திலிருந்து தலவாக்கலை, லிந்துலை, அக்கரபத்தனை தாண்டி டயகமவுக்குப் போக வேண்டும். முதல் பஸ் போய்ச் சேரும்போது எட்டு மணி ஆகிவிடும். ஏழரைக்குப் பள்ளிக்கூடத்தில் கையெழுத்துப் புத்தகத்தில் சிவப்புக் கோடு போட்டுவிடுவார்கள். அதற்குப் பிறகு வருகிறவர்கள் கோட்டுக்குக் கீழே கையெழுத்து வைக்க வேண்டும்.

அதனால் விஜிதரன் அவளைப் பைக்கில் கொண்டுபோய் விட்டான். விடிவதற்கு முன்பே பெக்டரியில் ரோலர் ஓடத் தொடங்கும். அது சரியாக ஓடுகிறதா என்று பார்த்துவிட்டு அவன் வெளியே வர ஆறு மணி பத்து நிமிஷம் ஆகும். ஒரு நிமிஷம் முந்தி வரவும் பெக்டரிக்குப் பொறுப்பான டீமேக்கர் விடமாட்டார். ஒன்பதரைக்குள் திரும்பி வந்தால் போதும் என்று விட்டுவைத்திருப்பதே அவர் செய்கிற பெரிய உதவி. ஆக, ஆறு பத்திலிருந்து ஏழரை வரை எண்பது நிமிஷம். அதற்குள் போய்ச் சேர வேண்டும்.

பைக் நல்ல பைக்தான். தூரப் பயணத்துக்கென்றே ஜப்பானில் செய்தது. நீளமான மெத்தை சீட், பெரிய பெட்ரோல் தாங்கி, பின்பக்கம் சாமான் கட்ட இரும்புச் சட்டம். நாற்பது வருஷம் பழையது. ஆனால் என்ஜின் நூற்றிருபத்தைந்து சிசிதான். லிந்துலை தாண்டி ஏற்றம் தொடங்கினால் இரண்டு பேரையும் நிலக்ஷியின் புத்தகப் பையையும் சுமக்க அதற்கு முடியாது. முதலாம் கியரில் போட்டு அழுத்தி அழுத்தி என்ஜின் கொதித்துவிடும். ஒரு வளைவில் நிறுத்தி ஆறவிடுவான். அந்த நேரத்தில் நிலக்ஷி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஏற்றத்தில் நடந்து போவாள். கொழுந்தெடுக்கப் போகிற பெண்கள் ரோட்டோரத்தில் நின்று கேட்பார்களாம்.

"டீச்சர், பைக் உங்கள ஏத்திக்கிட்டுப் போகுதா, நீங்க பைக்கக் கூட்டிக்கிட்டுப் போறீங்களா?"

நிலக்ஷி சிரித்துவிட்டுத்தான் போவாள். விஜிதரனுக்கு அது சிரிப்பாக இல்லை.

ஒரு பள்ளித் தவணையில், மூன்று மாதத்தில், பதினேழு நாள் அவள் கோட்டுக்குக் கீழே கையெழுத்து வைத்தாள். பள்ளிக்கூட அதிபர் கெட்டவர் இல்லை. கூப்பிட்டு உட்கார வைத்துத்தான் பேசினார். "டீச்சர், தூரம் எனக்குத் தெரியும். கோட்ட நான் போடல, மணி போடுது" என்றாராம். அடுத்த தவணையிலிருந்து நேரத்துக்கு வர வேண்டும், இல்லாவிட்டால் பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் ஒரு ரூம் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று சொல்லியிருக்கிறார். ரூமும் இருந்தது. பள்ளிக்கூடத்துக்குக் கீழே ராக்காயி என்ற ஒரு அம்மா தன் வீட்டில் ஒரு பக்கத்தைத் தருவதாகச் சொன்னார். நிலக்ஷி அங்கே போனால் நாலு வயதுத் தனுஜாவையும் கூட்டிக்கொண்டுதான் போவாள். விஜிதரன் பெக்டரியை விட்டுவிட்டு அங்கே போக முடியாது. சனி, ஞாயிறு மட்டும் மனைவி பிள்ளையைப் பார்க்கிற வாழ்க்கை. எங்கள் லயத்தில் கொழும்புக்கு வேலைக்குப் போனவர்களின் வீடுகள் அப்படித்தான் இருக்கின்றன. அது எப்படி முடிகிறது என்பதை விஜிதரன் பார்த்திருக்கிறான்.

"தனித்தனி அடுப்பு வேணாம்க்கா. நான் என்ஜின மாத்துறேன்" என்றான்.

புது பைக் வாங்குவதைப் பற்றி எங்கள் வீட்டில் பேசக்கூட முடியாது. ஆனால் அதே கம்பெனி அதே காலத்தில் செய்த இருநூறு என்ஜின் ஒன்று கொழும்பில் பழைய சாமான் யார்டில் இருக்கிறது என்று ஜெரோஷன் சொன்னான். ஜெரோஷன் விஜிதரனோடு படித்தவன். மரக்கறி லொறி ஓட்டுகிறான். முட்டைக்கோவா மூட்டைகளை இறக்கிவிட்டுத் திரும்பும்போது அந்த என்ஜினை லொறியில் போட்டுக் கொண்டுவந்தான். இறக்கி வைத்துவிட்டு, "மச்சான், இது பைக்குக்கா, ரோலருக்கா?" என்று கேட்டான். அவ்வளவு பாரம்.

என்ஜின் மாற்றினால் அதன் இலக்கத்தைப் பதிவுப் புத்தகத்தில் மாற்ற வேண்டும். அதற்கு விண்ணப்பம், யார்டில் கொடுத்த கடிதம், பழைய இறக்குமதிக் காகிதம், என்ஜினில் வெட்டியிருக்கும் இலக்கத்தின்மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்த நகல், எல்லாம் வேண்டும். சிங்களத்தில் நிலக்ஷிதான் நிரப்பினாள். தேய்த்த நகலில் ஓர் இலக்கம் மூன்றா எட்டா என்று தெரியவில்லை. வாகனப் பதிவு அலுவலகத்தில் திருப்பி அனுப்பினார்கள். அதற்காக இன்னொரு நாள் லீவு போட்டான். மொத்தம் மூன்று முறை போய் வந்த பிறகு அனுமதி கிடைத்தது. தவணை முடிய அப்போது இரண்டு வாரம் இருந்தது.

வேலையை லயத்தின் முன்திண்ணையான இஸ்தோப்பில்தான் செய்தான். மழை பெய்தால் சாரல் உள்ளே அடிக்கும். அவன் என்ஜின்மேல் படங்கைப் போர்த்துவிட்டுத் தான் நனைவான். மூன்று வீட்டுக்காரர்கள் நடக்கிற இடம் அது. பக்கத்து வீட்டு ஜெயந்தினி தண்ணீர்க் குடத்தோடு தாண்டிப் போகும்போதெல்லாம் திட்டாமல் போனதில்லை. அவளைச் சமாதானப்படுத்துவது என் வேலையாகிவிட்டது.

புது என்ஜின் பழைய இடத்தில் உட்காரவில்லை. பின்பக்கம் இடித்தது. ஒரு அங்குலத்துக்கு மேல் முன்னே தள்ளி வைக்க வேண்டியிருந்தது. அதற்குப் பெக்டரியில் கழித்துப் போட்ட இரும்புத் தகட்டை டீமேக்கரிடம் கேட்டு வாங்கி, அறுத்து, ராவி, துளை போட்டு நாலு பிளேட் செய்தான். முதல் சோடி ஒரு துளை தள்ளிப்போனது. எனக்குத் தெரியாத அளவுதான் அது. ஒரு தீக்குச்சி மருந்து அளவு. தூக்கிப் போட்டுவிட்டு மறுபடி செய்தான். நான் கேட்டேன், இதை யார் பார்க்கப் போகிறார்கள் என்று. அவன் அடுத்த துளைக்குக் குறி வைத்தான்.

பிறகு என்ஜினின் பல்சக்கரத்தையும் பின்சில்லு என்கிற பின்சக்கரத்தின் பல்சக்கரத்தையும் ஒரே நேரில் கொண்டுவர நூல் பிடித்தான். பெக்டரியில் பிடிக்கிற அதே நூல். பைக்கை நடு ஸ்டாண்டில் ஏற்றி, இரண்டு பக்கமும் நீர்மட்டம் வைத்து, எங்களை ஒருவரையும் பக்கத்தில் விடாமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுதும் செய்தான். தனுஜா சீட்டில் ஏறி உட்காரக் கேட்டாள். அதற்கும் விடவில்லை. செயினுக்கு இரண்டு சென்ரிமீற்றர் தொய்வு வைத்தான். பழைய என்ஜினுக்கு என்ன வைத்தானோ அதே அளவு. அடிமட்டம் வைத்து என்னையும் பார்க்கச் சொன்னான். சரியாக இரண்டு.

முதல் ஓட்டம் அவன் தனியாகப் போனான். டயகம வரை அறுபத்தெட்டு நிமிஷம். நான் காலண்டரில் குறித்தேன். மறுநாள் அறுபத்தேழு. ஏற்றத்தில் மூன்றாம் கியரில் போனதாகச் சொன்னான். அன்றைக்கு அவன் முகத்தைப் பார்த்து எனக்கு நெஞ்சு நிறைந்தது. பிள்ளைக்காம்பராவில் வந்த தாய்மார் எல்லோரிடமும் சொன்னேன். சொல்லாமல் இருந்திருக்கலாம்.

மூன்றாம் நாள் நிலக்ஷியை ஏற்றிக்கொண்டு போனான். தலவாக்கலை போவதற்கு முன்பே கீழே ஒரு சத்தம் வந்ததாம், தையல் மெஷின் வேகமாக ஓடுகிற மாதிரி. புது செயின், பழக வேண்டும் என்று நினைத்திருக்கிறான். அக்கரபத்தனைக்கு முந்திய ஏற்றத்தில் ஒரு குழியில் பின்சில்லு விழுந்தபோது செயின் அறுந்தது. அறுந்த செயின் முன்பக்கம் சுருண்டு என்ஜினின் அலுமினியப் பெட்டியில் ஒரு துண்டைப் பிய்த்துக்கொண்டு போனது. வேகம் இல்லாததால் இருவரும் விழவில்லை. ஒருவருக்கும் அடி இல்லை. ஆனால் எண்ணெய் எல்லாம் ரோட்டில். நிலக்ஷி அந்த வழியாக வந்த ஒரு வேனில் ஏறிப் போய், எட்டு ஐந்துக்குக் கோட்டுக்குக் கீழே கையெழுத்து வைத்தாள். பைக்கை ஜெரோஷனின் லொறிதான் ஏற்றி வந்தது. கரட் மூட்டைகளுக்கு நடுவில்.

உடைந்த இடத்தை ஒட்ட ஹட்டனுக்குக் கொண்டுபோனான். அலுமினியம் ஒட்டுகிற சிங்கள பாஸ் அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "மல்லி, இத யாரு கடிச்சது?" என்று, தம்பி என்பதை மட்டும் சிங்களத்தில் சொல்லி, தமிழில் கேட்டாராம். ஐந்து நாள் கழித்துத் தந்தார். அதற்குள் தவணை விடுமுறை தொடங்கிவிட்டது.

அறுந்தது மட்டமான செயின் என்று முடிவு செய்து, இன்னும் தடிப்பான ஒன்றை வாங்கிப் போட்டான். தொய்வு அதே இரண்டு சென்ரிமீற்றர். தனியாகப் போனால் நன்றாகத்தான் ஓடியது. நிலக்ஷியை ஏற்றினால் சத்தம். செயின் அறுந்துபோகவில்லை, ஆனால் இரண்டாம் நாளே முன் பல்சக்கரம் இருக்கிற இடத்தில் எண்ணெய் கசிந்தது. ஒட்டிய இடம் விட்டுவிட்டது என்று மறுபடி கழற்றினான். ஒட்டு நன்றாக இருந்தது. கசிந்தது உள்ளே எண்ணெயைத் தடுக்கும் ரப்பர் சீல். மூன்று முறை சீல் மாற்றினான். ஒவ்வொரு முறையும் கசிந்தது. அப்போது அவனுக்குத் தன் நூல்மேலேயே சந்தேகம் வந்துவிட்டது. பிளேட்டுகளை எல்லாம் கழற்றித் திரும்ப முதலிலிருந்து அளந்தான். ஒரு குறையும் இல்லை. குறை இருந்திருந்தால் அவனுக்குச் சந்தோஷமாக இருந்திருக்கும்.

நான் அந்த நாட்களில் அவனோடு சரியாகப் பேசவில்லை. ஒருநாள் ஹட்டனில் நல்ல கராஜ் ஒன்றில் காட்டச் சொன்னேன். "நான் பிட்டர்க்கா" என்றான். அந்த ஒரு சொல்லுக்கு மேல் அவனிடமிருந்து எதையும் வாங்க முடியாது. பெருமையாக அந்தச் சொல்லை ஊரெல்லாம் சொன்னவள் நான்தான். ஆனால் அன்றைக்கு அதைக் கேட்கப் பற்றிக்கொண்டு வந்தது.

தவணை தொடங்க நாலு நாள் இருக்கும்போது நிலக்ஷி பெட்டியைக் கட்டத் தொடங்கினாள். சண்டை போடவில்லை. ஒரு சிறிய காஸ் அடுப்பு, இரண்டு சட்டி, தனுஜாவின் கம்பளிச் சட்டைகள், தன் சேலைகள் என்று எடுத்து வைத்தாள். விஜிதரன் வெளியே இஸ்தோப்பில் முழங்காலில் நின்று நூல் பிடித்துக்கொண்டிருந்தான். காலை நேரம். தூறல் நின்றிருந்தது. நான் வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தேன். நிலக்ஷி பெட்டியை மூட முடியாமல் வெளியே வந்து, அவனைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஏங்க, நான் உக்காந்துக்கிறேன். அப்புறம் அளந்து பாருங்க."

"அளக்கிறப்ப ஆள் இருக்கக்கூடாது. தள்ளி நில்லு."

"அது பெக்டரிக்கு. மெஷின்மேல யாரும் ஏறப் போறதில்ல. இத நான் ஏறத்தானே செஞ்சீங்க? நான் ஏறாமலே அளந்தா எப்பிடிங்க?"

அவன் நூலைக் கையில் பிடித்தபடியே இருந்தான். அவள் சொன்னது தவறு என்று சொல்ல வாயைத் திறந்தவன், நூலைச் சுருட்டி வைத்தான். பைக்கை ஸ்டாண்டிலிருந்து இறக்கினான். அவன் முன்னால் உட்கார்ந்தான், அவள் புத்தகப் பையோடு பின்னால் உட்கார்ந்தாள். பைக் இரண்டு பேரின் பாரத்தில் பின்பக்கம் தாழ்ந்தது. சுளகை வைத்துவிட்டு நான் கீழே குனிய வேண்டியதாயிற்று.

"அக்கா, செயின விரலால தூக்கிப் பாரு."

"வரலடா."

"நல்லாத் தூக்கு."

"தம்பி, இது செயினா, கொடிக்கம்பியா? அசையவே இல்ல."

அவளை இறங்கச் சொன்னான். தானும் இறங்கி ஸ்டாண்டில் ஏற்றினான். இரண்டு சென்ரிமீற்றர் தொய்வு அப்படியே இருந்தது. மறுபடி ஏறச் சொன்னான். கம்பி மாதிரி விறைத்தது. மூன்றாம் முறையும் ஏற்றி இறக்கினான். "கொட்டகலை பஸ்லகூட நான் இவ்வளவு ஏறி எறங்கினதில்ல" என்றாள் நிலக்ஷி.

அவன் எனக்குப் பிறகு விளக்கினான். பின்சில்லைத் தாங்கும் கை ஓர் ஆணியில் தொங்கி மேலும் கீழும் ஆடும். பழைய என்ஜினில் பல்சக்கரம் அந்த ஆணிக்குப் பக்கத்திலேயே இருந்தது. அதனால் ஆள் ஏறினாலும் செயின் அதிகம் இறுகவில்லை. புது என்ஜினை முன்னே தள்ளியபோது பல்சக்கரம் ஆணியை விட்டு விலகிவிட்டது. இப்போது பின்பக்கம் தாழத் தாழச் செயின் இழுபடும். ஒருவர் ஏறினால் தாங்கும். இருவர் ஏறிக் குழியில் விழுந்தால் அறுந்துபோகும், அறுந்துபோகாவிட்டால் சீலைத் தின்னும். பெக்டரியில் மோட்டார் போல்ட் போட்ட இடத்தில் இருக்கும், ரோலர் போல்ட் போட்ட இடத்தில் இருக்கும். காலையில் அளந்தது மாலையிலும் அதே அளவு. பன்னிரண்டு வருஷம் அப்படியே பழகியவன், நிற்கிற பைக்கை அளந்து ஓடுகிற பைக் என்று நினைத்துவிட்டான்.

ஆறு வாரம். இரண்டு செயின். மூன்று சீல். ஜெயந்தினியிடம் நான் கேட்ட பேச்சு. எல்லாவற்றையும் சேர்த்து அவனிடம் கேட்டேன். நம்முடைய வீட்டு ஆளையே ஒருமுறை உட்கார வைத்துப் பார்க்கத் தோன்றவில்லையா என்று கேட்டேன். வழக்கமாக என்னிடம் ஏதாவது திருப்பிச் சொல்வான்.

"தோணலக்கா" என்றான். அவ்வளவுதான்.

இருவரும் உட்கார்ந்த நிலையில் ஒரு சென்ரிமீற்றர் தொய்வு இருக்கிற மாதிரிச் செயினைத் தளர்த்தினான். ஸ்டாண்டில் ஏற்றிப் பார்த்தால் அது நாலு சென்ரிமீற்றர் தொங்கியது. அவனால் அதைப் பார்க்க முடியவில்லை. "பெக்டரியில ஒரு செயின் இப்பிடித் தொங்கினா டீமேக்கர் என்னய வீட்டுக்கு அனுப்பிருவாரு" என்று சொல்லி, அது தெரியாமல் இருக்கத் தகரத்தில் ஒரு மூடி செய்து போட்டான். அதற்கு ஒரு நாள் போனது. சீல் நாலாவது முறை மாற்றப்பட்டது. அடுத்த நாள் இருவரும் டயகம வரை போய் வந்தார்கள். சத்தம் இல்லை. கசிவும் இல்லை.

ஆனால் நிலக்ஷி பெட்டியைப் பிரிக்கவில்லை. ஒரு வாரம் போகட்டும் என்றாள். அவளை நான் குறை சொல்லமாட்டேன். அவனுடைய நம்பிக்கையை நம்பி அவள் ஏற்கனவே ரோட்டில் நின்றவள்.

திங்கட்கிழமை ஏழு பத்தொன்பதுக்குக் கையெழுத்து வைத்தாள். செவ்வாய் நல்ல மழை, ஏழு இருபத்தாறு. புதன்கிழமை லிந்துலைக்கு அப்பால் மண் சரிந்து, ஒரு பக்கம் மட்டும் வாகனம் விட்டார்கள். இருபது நிமிஷம் வரிசையில் நின்று ஏழு நாற்பத்தொன்றுக்குப் போனாள். கோட்டுக்குக் கீழே. அன்றைக்கு மாலை விஜிதரன் சாப்பிடவில்லை. என்ஜினால் மண்சரிவைத் தாண்ட முடியாது என்று எத்தனை முறை சொன்னாலும் அவனுக்கு அது தன் வேலையில் உள்ள குறை மாதிரியே இருந்தது. சரிவு இல்லாவிட்டால் ஏழு இருபத்தொன்று என்று தாளில் கணக்குப் போட்டு நிலக்ஷியிடம் காட்டினான். அவள் பார்த்துவிட்டு மடித்துக் கொடுத்தாள். வியாழன் ஏழு இருபத்தொன்று. வெள்ளி ஏழு இருபது. அன்றைக்கு அதிபர் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்து, புதனைப் பற்றி ஒன்றும் கேட்காமல் மூடிவிட்டாராம். மண் சரிந்தது அவருக்கும் தெரியும்.

வெள்ளி மாலை நிலக்ஷி பஸ்ஸில் வந்து இறங்கியதும் முகம்கூடக் கழுவாமல் ராக்காயி அம்மாவுக்குப் போன் எடுத்தாள். ரூமை வேறு யாருக்காவது கொடுத்துவிடச் சொன்னாள். அந்த அம்மா ஏதோ கேட்டார்.

"இல்லம்மா, கோவிச்சுக்கிட்டு இல்ல. வீட்டுலேருந்தே வந்துக்கிறேன். பைக் ஏறுது" என்றாள்.

விஜிதரன் அப்போது பின்சில்லுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். ஏறுவதற்குச் சரி, இந்தப் பாரமான என்ஜினோடு இறக்கத்தில் வரும்போது பழைய பிரேக் போதவில்லை, அதையும் மாற்ற வேண்டும் என்று சொல்லத் தொடங்கினான். நான் எழுந்து போய்விட்டேன். ஒரு மாதத்துக்காவது அந்த பைக்கைப் பற்றி ஒரு சொல் என் காதில் விழக்கூடாது என்றேன்.

அடுத்த திங்கட்கிழமை விடியும் முன்பே நிலக்ஷி தூக்கம் கலையாத தனுஜாவைக் கம்பளியில் சுற்றி என்னிடம் தந்துவிட்டு, பைக்கில் ஏற ரோட்டுக்கு ஓடினாள். ஆறு பத்துக்கு அவன் பெக்டரி வாசலில் பைக்கை ஸ்டார்ட் பண்ணுகிற சத்தம் எனக்குக் கேட்டது.